'ஆர்க்கைவ்' பட்டனுக்கு தமிழ்ல என்னங்க போடுறது? காப்பகமா, பரணா?

கோவை_கணக்குநோட்டு:

வணக்கம்ங்க. நானும் ஒரு ஃப்ரெண்டும் சேர்ந்து சின்னக் கடைக்காரங்களுக்கு ஒரு கணக்கு ஆப் பண்ணிட்டு இருக்கோம். மளிகை, பால், இஸ்திரிக் கடை இந்த மாதிரி ஆளுங்க யார் எவ்வளவு பாக்கின்னு நோட்டுல எழுதுறாங்கல்ல, அதை போன்லயே போட்டுக்கலாம், அவ்வளவு தான். எல்லாமே தமிழ்ல இருக்கணும்னு முடிவு பண்ணி பட்டன் பட்டனா பேர் வச்சுட்டே வந்தோம். வரவு, பற்று, பாக்கி இதெல்லாம் பிரச்சனையே இல்ல, கடைக்காரங்க வாயிலயே இருக்குற சொல்லு. ஒரே ஒரு எடத்துல மூணு நாளா நின்னுட்டோம். ஆர்க்கைவ்.

ஒரு வீட்டுக்காரங்க பாக்கிய முழுசா கட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு வைங்க, அவங்க பேரு தினமும் லிஸ்ட்ல நின்னா தொந்தரவு, ஆனா அழிச்சுடவும் கூடாது, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா எடுத்துக் காட்டணும். அதுக்குத் தான் இந்த பட்டன். அழுத்துறதுக்கு ஒரு வினைச்சொல் வேணும், உள்ள போய் சேர்ற எடத்துக்கு ஒரு பேர் வேணும்.

போன்ல தமிழ் வச்சுப் பாத்தா பல ஆப்ல 'காப்பகம்', 'காப்பகப்படுத்து'ன்னு போட்டிருக்காங்க. எங்க அம்மா கிட்ட காட்டுனேன், "காப்பகமா, அனாதைப் புள்ளைங்கள விடுற எடமா"ன்னு கேட்டாங்க. அதோட எனக்கு நம்பிக்கை போச்சு. இந்த சொல்லுக்கு சரியான அர்த்தம் என்ன, வேற என்னென்ன சொல்லு இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

சொல்விரும்பி:

அம்மா கேட்டதுல தப்பே இல்லங்க. காப்பகம்னா காத்து வைக்கிற எடம், அவ்வளவு தான் அர்த்தம். எதைக் காக்குறோம்னு முன்னாடி ஒரு சொல்லு சேர்ந்தா தான் முழுசாகும். குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம், புலிகள் காப்பகம், ஆவணக் காப்பகம். முதல் பாதிய வெட்டிட்டு வெறும் காப்பகம்னு போட்டா கேக்குறவங்க அவங்களுக்கு பழக்கமானத சேர்த்துக்குவாங்க. முண்டந்துறை பக்கம் ஒரு கடைக்காரர் இதை அழுத்துனா புலி ஞாபகம் வரும்.

அப்புறம் 'ஆவணப்படுத்து'ன்னு மட்டும் போட்டுறாதீங்க, அது வேற வேலை. இல்லாத பதிவ உண்டாக்குறது ஆவணப்படுத்துறது, ஒரு கூத்துக் கலைஞர் பாட்டை ரெக்கார்ட் பண்ணி எழுதி வைக்கிற மாதிரி. ஏற்கனவே இருக்குற பதிவ பாதுகாத்து வைக்கிறது தான் நீங்க கேக்குறது. நெறைய பேர் ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க.

மத்த சொல்லெல்லாம் பாத்தா, சேமிப்பகம்னா போன் மெமரி ஞாபகம் தான் வருது. களஞ்சியம் நெல்லு கொட்டுற எடம், அதுல இருந்து கலைக்களஞ்சியம் வந்துச்சு, ஏராளமா குவிஞ்சு கிடக்குங்கிற தொனி அதுல இருக்கு, ஒரு இஸ்திரிக் கடை பாக்கிக்கு அவ்வளவு பெரிய பேர் எதுக்கு. பெட்டகம் நல்ல சொல்லு தான், ஆனா நகை வாசனை அடிக்கும். பதிவகம்னா ஏதோ ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி. கிடங்கு வேண்டவே வேண்டாம்.

—

பரண்பூனை:

விக்கிப்பீடியா தமிழ்ல படிக்கிறவங்க கவனிச்சிருப்பீங்க, கட்டுரைக்கு அடியில மேற்கோள் வரிசையில 'பரணிடப்பட்டது'ன்னு வரும். செத்துப்போன வெப்சைட்டோட பழைய பிரதி இருக்குற லிங்க் அது. பக்கத்துலயே 'வந்தவழி இயந்திரம்'னு இருக்கும், 1996ல ஆரம்பிச்ச இன்டர்நெட் ஆர்க்கைவோட பழைய பக்கம் தேடுற வசதி இருக்கே, அதுக்கு வச்ச பேர். முதல் தடவை பாத்தப்ப சிரிச்சேன், இப்ப எனக்கு அதை விட நல்ல சொல்லு தெரியல.

பரண் இல்லாத பழைய வீடு உண்டா சொல்லுங்க. பித்தளை அண்டா, தொட்டில் கம்பு, தாத்தாவோட ட்ரங்குப் பெட்டி, கொலு பொம்மை, எல்லாம் மேல தான் கிடக்கும். தினமும் வேண்டாம், தூக்கிப் போடவும் மனசு வராது, என்னைக்காவது ஏணி போட்டு எடுப்போம். நீங்க கேக்குற வேலை அப்படியே இது தானே? அதுவும் ரெண்டே எழுத்து மாதிரி குட்டிச் சொல்லு, பட்டன்ல அழகா உக்காரும். என் ஓட்டு பரணுக்கு.

—

பதிவறை_ஓய்வு:

தம்பி, நான் வருவாய்த்துறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், அதுல ஏழெட்டு வருஷம் ரெக்கார்டு ரூம்ல. எங்க ஆபீஸ் தமிழ்ல அதுக்கு பதிவறைன்னு பேரு, அங்க இருக்குறவர் பதிவறை எழுத்தர். இந்த சொல்ல யாரும் சொல்லலியேன்னு தான் எழுதுறேன்.

பரண்னு ஒருத்தர் சொல்றாரு, கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு விஷயம் விட்டுப் போகுது. பரண்ல ஏத்துனதுக்கு கணக்கு கிடையாது. பதிவறைக்குப் போறது அப்படி இல்ல. ஒரு ஃபைல் முடிஞ்சா அது எத்தனை வருஷம் இருக்கணும்னு முடிக்கிறப்பவே போட்டுடுவோம். ஆர்.டிஸ்.ன்னா நிரந்தரம், அழிக்கவே கூடாது. டி.டிஸ். பத்து வருஷம், கே.டிஸ். மூணு வருஷம், எல்.டிஸ். ஒரு வருஷம். தமிழ்ல ப.மு., மூ.மு., ஓ.மு.ன்னு லெட்டர் தலையில நம்பரோட வரும், பாத்திருப்பீங்க, பத்தாண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, ஓராண்டு முடிவு. அதது தனித்தனி கட்டா கட்டி, வருஷம் எழுதி, அடுக்குல ஏத்தி, கெடு முடிஞ்சா லிஸ்ட் போட்டு உத்தரவு வாங்கித் தான் அழிப்போம். எடுக்குறவன் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு தான் கட்டைப் பிரிக்கணும். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை ஒரு கட்டு எடம் மாறி அடுக்கிட்டாங்க, வாய்தாவுக்கு மூணு நாள் இருக்கு, ராத்திரி பகலா தேடுனோம், கடைசியில பக்கத்து தாலுகா கட்டுக்கு நடுவுல இருந்துச்சு. இருந்தும் இல்லாத மாதிரி தான் அது. வச்சிருக்கிறது பெருசில்ல தம்பி, கேட்டா எடுத்துக் குடுக்கணும்.

இன்னொன்னு. எழும்பூர்ல சிவப்புக் கட்டடம் இருக்கே, தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதுக்கு ரொம்ப நாள் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்னு தான் பேரு. 1909ல வந்தது, 1973ல தான் பேரு மாறுச்சு. கம்பெனிக்காரன் காலத்து ரெக்கார்டு 1670ல இருந்து அங்க இருக்கு. பழைய செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் தேடி அங்க வர்ற ஜனங்க இன்னைக்கும் வாய் தவறி ரெக்கார்ட் ஆபீஸ்னு தான் சொல்லுவாங்க. சிரஸ்தார்னு ஒரு பதவிப் பேர் இன்னும் கோர்ட்ல, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கே, அதுவே பாரசீகத்துல இருந்து வந்தது தான், ஆபீஸ் தஸ்தாவேஜுக்கு பொறுப்பானவர்னு அர்த்தம். தஸ்தாவேஜும் அந்த வழி தான். எங்க சீனியருங்க ஆவணம்னு ஒரு நாள் சொல்லி நான் கேட்டதில்ல, தஸ்தாவேஜு, கட்டு, இவ்வளவு தான்.

—

வட்டுக்கோட்டைப்_பெடியன்:

இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் இதுக்கு 'சுவடிக்கூடம்' எண்டுதான் சொல்றது, கொழும்பில இருக்கிற தேசிய சுவடிக்கூடம் மாதிரி. சுவடி எண்டால் உங்கட ஆக்களுக்கு ஓலைச்சுவடி மட்டும்தான் நினைவுக்கு வரும்போல, எங்களுக்கு அது கடதாசிக்கும் பொருந்தும். புதுசாப் புழங்கிற சொல் ஒண்டும் இருக்கு, 'ஆவணகம்'. நூலகம் எண்டு 2005ல தொடங்கின எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தை அறிஞ்சிருப்பியள், அவையள் படங்கள், ஒலிப்பதிவுகள், கடிதங்கள் எல்லாத்தையும் போடுற தளத்துக்கு அந்தப் பேரைத்தான் வைச்சவை. நூல் – நூலகம், ஆவணம் – ஆவணகம். சுருக்கமான சொல், காப்பகத்தில வாற அந்த அனாதைப் பிள்ளைப் பிரச்சினையும் இல்லை.

பரண் பற்றி ஒரு சொல்லு. பூனை அண்ணை கோவிக்கக்கூடாது. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது 97 ஆயிரம் வரையான புத்தகங்களும் ஏடுகளும் போனது. அதுக்குப் பிறகு பிறந்தவன் நான், அப்பா சொல்லித்தான் தெரியும், ஆனாலும் எங்களுக்கு இந்தச் சொல்லில 'காக்கிறது' எண்ட கருத்து இல்லாட்டில் ஏதோ குறையிற மாதிரி இருக்கு. பரணில போடுறது எண்டால் மறந்து போறதெண்டு கருத்து வந்திடும். உங்கட கடைக் கணக்குக்கு அது பரவாயில்லையோ தெரியாது.

—

பரண்பூனை:

கோவிக்கல தம்பி. நீங்க சொன்னதுக்கு அப்புறம் பரண்னு சொல்ல வாய் கொஞ்சம் கூசுது, உண்மை தான். ஆனா நான் ஒரு பட்டனுக்குத் தான் சொன்னேன், அந்த நூலகத்துக்கு இல்ல.

—

கல்வெட்டுக்கிறுக்கன்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், அதுக்குள்ள இவ்வளவு தூரம் போயிருச்சு. பழசுல என்ன இருக்குன்னு யாரும் தொடலியே, நான் தொடுறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆவணம்ங்கிற சொல்லு. நிகண்டு, அகராதி எல்லாம் பாத்தா இதுக்கு கடைத்தெருன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, அடிமைத்தனம்னும் இருக்கு, உரிமைன்னும் இருக்கு, சீட்டுன்னும் இருக்கு. கடைக்காரங்க ஆப்புக்கு கடைத்தெருன்னே அர்த்தம் உள்ள சொல்லு, வேடிக்கையா இல்ல?

அகநானூறு 77ஆம் பாட்டுல ஆவண மாக்கள்னு வர்றாங்க. கயிறு போட்டுக் கட்டுன பானை, மேல முத்திரை, அந்த முத்திரைய சரி பாத்து உடைச்சு உள்ள இருக்குற ஓலைய எடுக்குறாங்க. போர்ல விழுந்த வீரனோட குடலை எருவைக் கழுகு இழுக்குறதுக்கு உவமையா இதைச் சொல்றாரு புலவர், சாப்பிடுறப்ப படிக்காதீங்க. இதை குடவோலைத் தேர்தல்னு சொல்றவங்க நெறைய. ஆனா பாட்டுல இருக்குறது பானை, கயிறு, முத்திரை, ஓலை, அவ்வளவு தான், எனக்கென்னவோ எழுதுனத பத்திரமா வைக்கிற பானையா படிச்சாலும் தப்பில்லன்னு தோணுது. முத்திரை பாத்துட்டுத் தான் திறக்கணும்ங்கிற கட்டுப்பாடு அப்பவே இருந்திருக்கு, மேல பதிவறை ஐயா சொன்ன ரெஜிஸ்டர் கையெழுத்து மாதிரி.

சோழர் கல்வெட்டுல ஆவணக்களரின்னு ஒரு சொல்லு வரும். போன வருஷம் ஒரு வாட்சப் குரூப்ல "ஆர்க்கைவ்க்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே தமிழன் வச்ச பேர்"னு இதை சுத்த விட்டாங்க, இங்கயும் யாராவது கொண்டு வருவீங்க, அதான் முன்னாடியே சொல்லிடுறேன். அது ஆர்க்கைவ் இல்ல. நிலத்தை வித்தவன் அங்க வச்சு காசை முழுசா எண்ணி வாங்கிட்டு விலையாவணம் எழுதிக் குடுக்குற எடம், இன்னைக்கு சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரி. எழுதுன வரிக் கணக்கு போற புத்தகத்துக்கு வரிப்பொத்தகம்னு பேரு, அதை வச்சிருந்த துறைக்கு புரவுவரித் திணைக்களம். வட்டுக்கோட்டை தம்பி, உங்க ஊர்ல டிபார்ட்மென்ட்டுக்கு இன்னும் திணைக்களம்னு சொல்றீங்கல்ல, நாங்க இங்க அதை தொலைச்சுட்டோம்.

ஆனா 'காப்பகம்' வெறும் மொழிபெயர்ப்புச் சொல்லுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒன்னு. சுந்தரர் கல்யாணத்தை நிறுத்துன கதை தெரியும்ல. கிழவர் ஒருத்தர் வந்து நீ எனக்கு அடிமை, ஓலை இருக்குன்னு சொல்றாரு, இவர் அதைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடுறாரு. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. ஆட்சி, ஆவணம், காட்சி மூணுல ஒன்னைக் காட்டுன்னு கேக்குறாங்க, அதாவது அனுபவ பாத்தியதை, எழுத்து, சாட்சி. கிழவர் அசரவே இல்ல, அவன் கிழிச்சது படி ஓலை, மூல ஓலை என்கிட்ட இருக்குங்கிறாரு. நகல், ஒரிஜினல். அதுல இருக்குறது சுந்தரரோட பாட்டனார் கையெழுத்து தானான்னு பாக்க, காவல்ல வச்சிருந்த வேற ஓலை ஒன்ன வரவழைச்சு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்குறாங்க. அந்த ஓலை இருந்த எடத்துக்கு பெரியபுராணத்துல சேக்கிழார் போட்ட சொல்லு 'காப்பு'. 12ஆம் நூற்றாண்டு. காப்பு இருந்துச்சு, அகம் பின்னாடி ஒட்டுனது, அவ்வளவு தான். அதனால காப்பகத்தை அவ்வளவு லேசா தள்ளாதீங்க.

கோயில் பக்கம் போனா பண்டாரம்னு ஒரு சொல்லும் இருக்கு, சிதம்பரத்துல சுவடி வச்சிருந்த எடத்துக்கு சரஸ்வதி பண்டாரம்னு பேரு. இப்ப பண்டாரம்னு பட்டன்ல போட்டா அடி விழும்.

—

கோவை_கணக்குநோட்டு:

அடேங்கப்பா. ஒரு பட்டனுக்கு கேட்டா சுந்தரர் வரைக்கும் போயிட்டோம்ங்க. ரொம்ப சந்தோசம். ஆனா மூல ஓலை விஷயம் நெசமாலுமே எங்க ஆப்புக்கு உதவுது, கடைக்காரர் மறந்து போய் அழிச்சாலும் ஒரு பிரதி தனியா இருக்கணும்னு ஒரு வசதி யோசிச்சுட்டு இருந்தோம், அது பேக்கப், இது ஆர்க்கைவ், ரெண்டும் வேறன்னு ஃப்ரெண்டுக்கு புரிய வைக்க முடியாம இருந்தேன். படி ஓலைன்னு சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுகிட்டான். பேக்கப்புக்கு 'படி எடு'ன்னே போட்டுட்டோம்.

வினைச்சொல்லு தான் இன்னும் நிக்குது. 'ஒதுக்கி வை'ன்னு ஒரு யோசனை இருந்துச்சு, வேண்டாம்னு விட்டுட்டோம், வாடிக்கையாளரை ஊரை விட்டு ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கு. 'தள்ளி வை' இன்னும் மோசம்.

—

அண்ணாச்சி_கடை:

நான் கடை வச்சிருக்கவன், இருபத்தி ரெண்டு வருசமா. நீங்க எல்லாம் படிச்சவிய, பெரிய பெரிய சொல்லா சொல்லுதிய, நான் எங்க கடையில என்ன சொல்லுவோம்னு சொல்லுதேன். ஒரு ஆளு கணக்கு தீந்துச்சுன்னா பேரேட்டுல அந்தப் பக்கத்துல குறுக்க ஒரு கோடு, 'தீர்ந்தது'ன்னு எழுதி தேதி போடுவோம். வருசம் முடிஞ்சு புதுக்கணக்கு போடும்போது பழைய பேரேட்ட மஞ்ச துணியில கட்டி மேல ஏத்திருவோம். எங்கன்னு கேட்டா பரண்ல தான், வேற எங்க. ஜிஎஸ்டி வந்த பெறவு ஆடிட்டர் 72 மாசம் வச்சிருக்கணும்னு சொல்லிட்டாரு, அதனால இப்ப பரண்ல எடமில்ல.

பொடியனுக்கு சொல்லணும்னா "அந்தப் பழைய நோட்ட எடுத்து வை"ன்னு தான் சொல்லுவேன். எடுத்து வைன்னா எங்க அம்மா காலத்துல இருந்து பத்திரமா வைன்னு தான் அர்த்தம். சோறு எடுத்து வை, நகைய எடுத்து வை, அப்பாவுக்கு ரெண்டு பணியாரம் எடுத்து வை. பொறவு ஒருத்தருக்கு வேணும்னு வைக்கிறது. இதுக்கு மேல ஒரு சொல்லு வேணுமாவே?

—

சொல்விரும்பி:

அண்ணாச்சி அடிச்சுட்டீங்க. நாங்க பேர்ச்சொல்லையே சுத்திட்டு இருந்தோம், பின்னாடி 'படுத்து' ஒட்டுனா தான் வினைன்னு ஒரு பழக்கம் ஆயிருச்சு. காப்பகப்படுத்து, கட்டுப்படுத்து, எதைப் பாத்தாலும் படுக்கப் போடுறது.

ஆனா படுத்துலயே ஒரு நல்லது இருக்கு, சொல்லாம விட மனசு வரல. பத்திரப்படுத்து. கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம்னு சொல்ற பத்திரம் வடமொழியில இலைங்கிற சொல்லு, ஓலை மாதிரியே இலைல இருந்து எழுத்துக்கு வந்தது. பத்திரமா போயிட்டு வான்னு சொல்றோமே அந்த பத்திரம் வேற சொல்லு, நலம், மங்களம்னு அர்த்தம், எழுத்து வேற, உச்சரிப்பு வேற. தமிழுக்கு வந்ததும் ரெண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி ஆயிருச்சு. அதனால நம்ம காதுக்கு பத்திரம் பத்திரமா இருக்குன்னு சொன்னா ஏதோ பிறவிலயே சேர்ந்து பிறந்த மாதிரி இருக்கு. ஆவணத்தை காக்குறதுங்கிற ரெண்டு பாதியும் ஒரே சொல்லுல வேற எந்த மொழியில இப்படி தற்செயலா சிக்கும்? வட்டுக்கோட்டை தம்பி கேட்ட 'காக்கிறது'ம் இதுல இருக்கு.

—

பதிவறை_ஓய்வு:

பத்திரப்படுத்து நல்ல சொல்லு தான். ஆனா தம்பி, கடைக்காரர் அதைப் பாத்தா லாக்கர்ல வச்சு பாஸ்வேர்டு போடுறதுன்னு நெனச்சுக்குவார். அண்ணாச்சி சொல்லு தான் சரி. ஒன்னு மட்டும் கேட்டுக்குறேன், எடுத்து வச்ச தேதி தானா பதிஞ்சிருக்கணும். தேதி இல்லாத கட்டு எவன் கேட்டாலும் உதவாது.

—

கோவை_கணக்குநோட்டு:

தேதி போட்டாச்சுங்க ஐயா. பட்டன் 'எடுத்து வை', போய் சேர்ற எடம் 'பழைய கணக்கு'. பரண் போடலாம்னு எனக்கு ரொம்ப ஆசை, ஆனா நேத்து நாலு கடையில காட்டுனோம், ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒருத்தர் "பரண்ல போட்டா எலி கடிக்குமே"ன்னாரு, நாலாவது அக்கா ஒன்னுமே சொல்லாம 'பழைய கணக்கு'ன்னு இருந்த வேற டிசைனைத் தொட்டாங்க. அதோட முடிவு பண்ணிட்டோம். எங்கள பத்திங்கிற பக்கத்துல மட்டும் ஆவணகம்னு ஒரு எடத்துல வரும், அது எங்க ஆசைக்கு.

இப்ப புதுப் பிரச்சனை. எடுத்து வச்ச ஆளு மறுபடி ஊருக்கு வந்து கடன் கேட்டா? அந்தக் கணக்க திரும்ப லிஸ்ட்டுக்கு கொண்டு வர்ற பட்டனுக்கு என்ன பேரு?

—

பரண்பூனை:

'இறக்கு'. பரண் இல்லாட்டியும் ஏணியாவது என்னோடதா இருக்கட்டும்.

—

அண்ணாச்சி_கடை:

அதுக்கு பட்டன் எதுக்குவே, பழைய பாக்கி எவ்வளவுன்னு மொதல்ல கேளுங்க.